கினிப்பன்றிக்குக் கோழித் தீவனமா?

உலர்தீவனத்தைப் பற்றித் தர்மபுரி மாவட்டத்துக்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மழையை நம்பிப் பயிர் வைக்கும் சீமை அது. கேழ்வரகுத் தாளைப் போர் போட்டு, சோளத்தட்டைக் கட்டுக் கட்டாக அடுக்கி, கடலைக்கொடியை ஈரம் படாமல் பத்திரப்படுத்தி, கோடையில் மாட்டைக் காப்பாற்றுகிற ஊர்கள் அங்கே நிறைய உண்டு. எந்தத் தாளைப் போட்டால் மாடு பால் குறையாமல் நிற்கும், எதைப் போட்டால் வெறும் வயிறுதான் நிரம்பும் என்பது அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரிலும், தீவனத் தட்டு நிறைந்திருக்கும்போதே ஒரு சின்னப் பிராணி நலிந்து சாகக்கூடும். பட்டினியால் அல்ல. தப்பான தீவனத்தால்!

அதுதான் கினிப்பன்றி.

பெயரில்தான் பன்றி. உண்மையில் அது எலி, அணில் இவற்றின் இனத்தைச் சேர்ந்த பிராணி. ஆப்பிரிக்காவில் இருக்கும் கினி தேசத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைதான் அதன் தாய்வீடு. அந்த மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கி வீட்டில் வளர்த்தார்கள். கொஞ்சுவதற்கு அல்ல, கறிக்கு! பெரு நாட்டில் இன்றும் அது விருந்துப் பண்டம். ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டு போன பிறகுதான் குழந்தைகளின் மடிக்கு வந்தது. பிறகு விஞ்ஞானிகளின் சோதனைச்சாலைக்கும் போயிற்று.

முழுதாக வளர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. வால் கிடையாது. கடிக்கிற சுபாவம் குறைவு. காகித உறை சலசலத்தால் போதும், தீனி வருகிறது என்று "வீக், வீக்" என்று கத்தி வீட்டையே கூட்டிவிடும். குழந்தைகள் அதனிடம் மயங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஒழுங்காக வளர்த்தால் ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை உயிரோடு இருக்கும். தீவனம் தப்பினால் எட்டு மாதம் இருப்பதும் அபூர்வம்.

மாட்டின் பழக்கம் இங்கே செல்லாது

மாடு வளர்த்த அனுபவமே இந்த ஒரு பிராணியின் விஷயத்தில் கண்ணைக் கட்டிவிடுகிறது.

மாடு, ஆடு, நாய், பூனை, கோழி, முயல் ஆகிய எல்லாமே 'சி' வைட்டமினைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக் கொள்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்த வேலையை ஈரல் செய்கிறது. கோழிக்குச் சிறுநீரகம் செய்கிறது. ஆறு மாதம் காய்ந்த தாளையே தின்றாலும் மாட்டுக்கு அந்தச் சத்தில் குறை வராததற்கு இதுதான் காரணம்.

கினிப்பன்றிக்கு அந்தச் சக்தி இல்லை. மனிதனுக்கும் இல்லை, குரங்குக்கும் இல்லை. அன்றாடம் ஆகாரத்தில் வந்தால்தான் உண்டு. அதிகமாக வந்த நாளில் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியும் அதன் உடம்பில் கிடையாது.

இரண்டு மூன்று வாரம் அந்தச் சத்து வராமல் போனால் என்ன ஆகும்? மூட்டுகள் வீங்கும். நடை தள்ளாடும். தூக்கினால் வலியில் கத்தும். ஈறில் இரத்தம் கசியும். மயிர் பளபளப்பை இழந்து சிலிர்த்து நிற்கும். தீனித் தட்டின் அருகே போகும், முகர்ந்து பார்க்கும், தின்னாமல் திரும்பிவிடும். "குளிர் தாக்கிவிட்டது" என்று ஒருவர் சொல்வார். "பிள்ளைகள் கீழே போட்டுவிட்டார்கள்" என்று மற்றொருவர் சொல்வார். குளிரும் இல்லை, பிள்ளைகள் மேல் குற்றமும் இல்லை. அதன் பெயர் ஸ்கர்வி. பழைய காலத்தில் கடலோடிகளைக் கும்பல் கும்பலாகக் கொன்ற அதே வியாதி.

குன்னூர் ஆராய்ச்சி

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1907-ல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கப்பல் தொழிலாளருக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். கினிப்பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது பெரிபெரி. வந்து நின்றதோ ஸ்கர்வி! முட்டைக்கோஸ் போன்ற பச்சைக் காய்களையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்தபோது நோய் தடைபட்டது. மனிதனுக்கு வரும் ஸ்கர்வியை ஒரு பிராணியிடமும் உண்டாக்கிப் பார்க்கலாம் என்று தெரிந்தது அப்போதுதான். 'சி' வைட்டமின் என்ற பெயரே அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அந்தப் பெயரைத் தேடித் தந்ததில் கினிப்பன்றிக்கும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ராபர்ட் மக்காரிசன் என்ற ஆங்கிலேய அரசின் டாக்டர் 1918-ல் ஒரே ஓர் அறையில் தம் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். பச்சை கலவாத தீனியில் கினிப்பன்றிகளை வைத்துப் பார்த்தார். வெளியே நோய்க்குறி தெரிவதற்கு முன்பே உள்ளே உறுப்புகள் கெடத் தொடங்கிவிடுகின்றன என்று கண்டார். அந்த ஓர் அறைதான் பிறகு பெரிய ஆராய்ச்சிச்சாலையாக வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது.

மக்காரிசன் சோதனைக்காகச் செய்ததை இன்று பல வீடுகளில் அன்புக்காகச் செய்கிறார்கள். தட்டு நிறையத் தானியம், பக்கத்தில் தண்ணீர், பச்சைக்கு இடமே இல்லை. பிராணிக்கு இரண்டும் ஒன்றுதானே!

கடையில் கிடைக்கும் தீவனங்கள்

தீவனக் கடையில் மலிவாகக் கிடைப்பது கோழித் தீவனம். சேலத்துக்கு அப்பால் இருக்கும் நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். ஆகவே இந்தப் பக்கத்துச் சிற்றூர்களிலும் கோழித் தீவனத்துக்குப் பஞ்சம் இல்லை. "இதையே போடுங்கள், நன்றாகத் தின்னும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். தின்னும், வாஸ்தவம்தான். ஆனால் முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் முட்டை ஓடு கெட்டிப்படுவதற்காகச் சுண்ணாம்புச் சத்தை நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு வரை கலக்கிறார்கள். கினிப்பன்றிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மிச்சம் இரத்தத்தில் ஏறிச் சிறுநீர் வழியாக வெளியே போகப் பார்க்கும். போகிற வழியில் மூத்திரப் பையில் கல்லாகக் கட்டிவிடும். அந்தக் கல்லை எடுக்கக் கத்திதான் வைக்க வேண்டும். ஒரு கிலோப் பிராணிக்கு ஆபரேஷன் செய்யப் பழகிய டாக்டரைத் தேடி எங்கே போவது? கோழிக்குஞ்சுத் தீவனமோ இன்னும் மோசம். இரத்தக் கழிச்சல் வராமலிருக்க அதில் மருந்து கலப்பது உண்டு. கோழிக்கு மருந்தாவது கினிப்பன்றிக்கு நஞ்சாகலாம்.

மாட்டுத் தீவனமும் வேண்டாம். சிலவகை மாட்டுத் தீவனங்களில் யூரியா சேர்ப்பார்கள். அசைபோடும் மாட்டின் வயிற்றில் இருக்கும் கிருமிகள் யூரியாவைப் புரதமாக்கித் தரும். கினிப்பன்றி அசைபோடுவதில்லை.

முயல் தீவனம் இவற்றைவிடத் தேவலை. நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் முயல் தனக்கு வேண்டிய 'சி' வைட்டமினைத் தானே செய்துகொள்வதால், அந்தத் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் ஆலைக்காரருக்கு இல்லை. "முயலுக்கும் இதற்கும் ஒரே தீவனம்தான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடக் கூடாது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

கடலைப் புண்ணாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலக்கடலை விளையும் மாவட்டத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாட்டுக்குக் கரைத்து வைக்கும்போது ஒரு துண்டை உடைத்துக் கூண்டுக்குள்ளும் போட்டுவிடுவது சுலபம். 1960-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் மளமளவென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் "வான்கோழி எக்ஸ் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து அதில் ஒரு நஞ்சு உண்டாகியிருந்தது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். ஈரலைத் தாக்கும் நஞ்சு. அதற்கு மிகச் சுலபத்தில் இரையாகும் பிராணிகளில் கினிப்பன்றியும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டையில் கிடந்த புண்ணாக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாடு பெரிய உடம்பு, தாங்கிவிடும். இதற்கு ஒரு கிலோ உடம்புதானே!

சீமைப் புல்லும் அருகம்புல்லும்

அப்படியானால் சரியான உலர்தீவனம் எது? காய்ந்த புல்தான். மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள.

கினிப்பன்றிக்கு இருபது பற்கள். முன்பல், கடைவாய்ப் பல் எல்லாமே ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்ப்புல்லை நாள் முழுவதும் அரைத்தால்தான் அவை தேயும். தூளாகிவிடும் தீவனத்தை இரண்டு கடியில் விழுங்கிவிட்டால் பல் தேயாது. கடைவாய்ப் பற்கள் இரு பக்கமும் வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போட்டது போல் மூடிக்கொள்ளும். பசி இருக்கும், எதிரே ஆகாரம் இருக்கும், விழுங்க முடியாது. இதைவிடக் கொடுமை உண்டா?

வயிறும் அப்படித்தான். பெருங்குடலின் தொடக்கத்தில் அதற்கு ஒரு பெரிய பை உண்டு. அங்கே கோடிக்கணக்கான கிருமிகள் நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்கும். அப்படித் தயாரான மெல்லிய புழுக்கையைத் தானே வாயால் எடுத்து மறுபடி தின்னும். பார்த்து அருவருப்பு அடைய வேண்டாம். அதைத் தடுத்தால்தான் தீமை. நார் வருவது நின்றால் அந்தப் பை அசைவற்றுப் போகும். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னாத கினிப்பன்றி ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மாட்டைப் போல் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட முடியாது.

ஆகவே அன்றாட ஆகாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல் இருக்க வேண்டும். அளவு பார்க்கக் கூடாது. கூண்டில் எப்போதும் புல் கிடக்க வேண்டும்.

இங்கேதான் வியாபாரம் குறுக்கிடுகிறது. 'டிமோதி' என்று ஒரு குளிர்நாட்டுப் புல் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரைக்கும் கினிப்பன்றிக்கும் அதைத்தான் உலர்த்திப் போடுகிறார்கள். நல்ல புல்தான், சந்தேகம் இல்லை. அதைக் கப்பலில் கொண்டுவந்து, அழகான பொட்டலத்தில் கட்டி, இந்தியாவில் விற்கிறார்கள். டிமோதி இல்லாவிட்டால் கினிப்பன்றி பிழைக்காது என்று ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. இது வீண் பேச்சு. டிமோதிக்கு ஊர் ஐரோப்பா. கினிப்பன்றிக்கு ஊர் ஆண்டீஸ் மலை. வெள்ளைக்காரன் கப்பல் அங்கே போய்ச் சேர்வதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அது டிமோதியைக் கண்ணாலும் கண்டதில்லை. தன் மலையில் விளைந்த புல்லைத் தின்றே வம்சம் பெருக்கியது.

தர்மபுரி வரப்பில் என்ன விளைகிறது? அருகம்புல்! பிள்ளையாருக்கு மாலை கட்டும் அதே அருகு. அமெரிக்காவில் இதற்குப் 'பெர்முடா புல்' என்று பெயர். அங்கே ஏக்கர் கணக்கில் இதை வளர்த்து, உலர்த்தி, குதிரைக்கும் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் விற்கிறார்கள். வரப்பில் காலடியில் மிதிபடுவதை விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்த பொட்டலத்துக்குக் காசு கொடுப்பானேன்? கொழுக்கட்டைப் புல்லையும் பூ விடுமுன் அறுத்து அருகோடு கலந்து போடலாம்.

கேழ்வரகுத் தாளைப் போடலாமா என்று இந்த மாவட்டத்தில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். நெல் வைக்கோலைவிட அது மேல் என்பது மாட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். கினிப்பன்றிக்கும் அப்படியே. ஆனால் தானியம் முற்றிய பிறகு அறுத்த தாள் அது. தண்டு அதிகம், இலை குறைவு. கொறித்துப் பல் தேய்க்கவும், கீழே விரித்துப் படுக்கையாக்கவும் ஏற்றது. அதையே முழுச் சாப்பாடாக்கினால் உடம்பு இளைக்கும். சோளத்தட்டும் இதே ரகம், இன்னும் முரடு.

குதிரைமசாலும் கடலைக்கொடியும் வேறு கட்சி. இரண்டும் பயறு வகையைச் சேர்ந்தவை. புரதமும் சுண்ணாம்பும் மிகுதி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் குதிரைமசால் நல்லது. வளர்ந்த பிராணிக்குத் தினமும் போட்டால் மறுபடியும் அந்த மூத்திரக் கல் கதைதான். கடலைக்கொடியில் மழை ஈரம் பட்டிருந்தால் பூஞ்சணப் பயமும் சேர்ந்துகொள்ளும்.

புல்லை உலர்த்துவதில் பெரிய வித்தை இல்லை. பூ விடுவதற்கு முன், பனி காய்ந்த பிறகு அறுக்க வேண்டும். மெல்லிசாகப் பரப்பி நாளைக்கு இரண்டு மூன்று தடவை புரட்டிவிட வேண்டும். கொளுத்தும் வெயிலில் நாள் கணக்கில் போட்டு வைத்தால் வெளுத்துச் சருகாகிவிடும். காற்றோட்டமான நிழலில் காய்ந்த புல் பச்சை நிறம் மாறாமல் இருக்கும். முறுக்கினால் ஒடிய வேண்டும், முகர்ந்தால் இனிய வாசனை வர வேண்டும். புழுங்கிய நாற்றம் அடித்தாலோ, உதறினால் புகை போல் தூசி பறந்தாலோ எரு குழிக்குத்தான் லாயக்கு. கோணிப்பையில் கட்டித் தரையில் படாமல் மரப்பலகை மேல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அறுக்கும் இடத்தைப் பார்த்து அறுக்க வேண்டும். மாந்தோப்புகள் நிறைந்த மாவட்டம் இது. பூக்கும் பருவத்தில் மரத்துக்கு மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்து கீழே இருக்கும் புல்லிலும் படியும். தக்காளித் தோட்டத்து வரப்பும் அப்படித்தான். லாரி ஓடும் சாலையோரப் புல்லில் புகையும் எண்ணெயும் ஏறியிருக்கும். நாய்கள் திரியும் இடமும் ஆகாது.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியது

தயார்த் தீவனமே கூடாது என்று சொல்வதற்கில்லை. வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பொட்டலம் இருப்பது சௌகரியம். கினிப்பன்றிக்கென்றே செய்த குச்சித் தீவனமாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். வளர்ந்த பிராணி ஒன்றுக்கு நாளைக்கு ஒரு மேஜைக்கரண்டி போதும். அதைக் கிண்ணம் நிறையக் கொட்டினால் புல்லைத் திரும்பியும் பார்க்காது. சோற்றுக்கு முன் பலகாரம் கொடுத்த குழந்தை மாதிரி!

மேலே இருக்கும் படத்தைப் பார்க்கக் கூடாது. பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். நார்ச்சத்து நூற்றுக்கு இருபதுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 'சி' வைட்டமின் சேர்த்திருப்பதாக எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தயாரித்த தேதி. 'சி' வைட்டமின் காற்றிலும் சூட்டிலும் ஈரத்திலும் அழிந்துகொண்டே இருக்கும். ஆலையை விட்டு வந்து மூன்று மாதத்தில், சாதாரணமாகச் சேர்த்த 'சி' சத்தில் பாதி போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். எளிதில் அழியாத உருவில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பொட்டலத்தில் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டில் கட்டிய பொட்டலம் கப்பலில் சில வாரம், கிடங்கில் சில மாதம், பிறகு சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் இன்னும் சில வாரம் கிடந்து வந்தால், உள்ளே எதை எதிர்பார்ப்பது? "ஓராண்டுக்குள் உபயோகிக்கவும்" என்று அச்சிட்டிருக்கலாம். தீவனம் கெட்டுப்போகாது என்பதற்கு அது உத்தரவாதம். வைட்டமினுக்கு அல்ல.

பெரிய மூட்டை வாங்கினால் விலை குறைகிறது என்பதற்காக மயங்க வேண்டாம். இரண்டு பிராணி இருக்கும் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு கிலோ தாராளம்.

இன்னொரு வகை உண்டு. பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறத்தில் பூந்தி போல் உருண்டைகள், சூரியகாந்தி விதை, உடைத்த சோளம், உலர்ந்த பழத்துண்டு எல்லாம் கலந்த கதம்பம். கடையில் குழந்தையின் கண் முதலில் அதன் மேல்தான் விழும். பிராணியும் குழந்தை மாதிரியே நடந்துகொள்ளும். இனிப்பையும் கொழுப்பையும் பொறுக்கித் தின்றுவிட்டு, வேண்டிய சத்துள்ள குச்சியை ஒதுக்கிவிடும். ஒரே நிறமாக, ஒரே அளவாக, பார்ப்பதற்கு அழுது வடியும் தீவனம்தான் சரியான தீவனம்.

நெல்லிக்கனி கொடுத்த ஊர்

புல்லும் சரி, பொட்டலமும் சரி, 'சி' வைட்டமின் கடனை முழுதாகத் தீர்க்காது. அதற்குத் தினமும் கொஞ்சம் பச்சை வேண்டும். இந்த விஷயத்தில் தர்மபுரிக்காரர் வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்தானே, அவன்தான். புறநானூற்றிலே அவ்வை அதைப் பாடி வைத்தார். 'சி' வைட்டமின் மிகுந்த கனிகளில் முதல் வரிசையில் நிற்பது நெல்லி. காய்ந்தாலும் மற்றக் காய்களைப் போல் அந்தச் சத்தை அடியோடு இழந்துவிடாது என்பது அதன் தனிப் பெருமை. 1940-ல் அன்றைய பஞ்சாபில் ஹிசார் பகுதியில் பஞ்சம் வந்து மக்களுக்கு ஸ்கர்வி கண்டபோது, நெல்லிக்காய்ப் பொடியைக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள்.

ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை 'சி' வைட்டமின் வேண்டும். சினையாக இருந்தால் இன்னும் அதிகம். கொய்யாப் பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. பத்து கிராம் துண்டு போட்டால் 20 மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். பழம் இனிப்பு ஆகையால் அதற்கு மேல் வேண்டாம். குடைமிளகாய் ஒரு கீற்று போடலாம், காரம் இல்லாதது. கொத்தமல்லித் தழை நாலு கொத்துப் போடலாம். முருங்கைக்கீரையில் 'சி' நிறைய உண்டு. ஆனால் சுண்ணாம்பும் நிறைய. வாரத்தில் ஒரு நாள் ஒரு சிறு கொத்து போதும். நெல்லிக்காயின் புளிப்பைச் சில பிராணிகள் ஏற்காது. மெல்லிய சீவலாக்கியோ, உலர்ந்த பொடியை ஒரு சிட்டிகை எடுத்துக் கொத்தமல்லியில் தூவியோ கொடுத்துப் பார்க்கலாம்.

வைட்டமின் சொட்டு மருந்தைக் குடிதண்ணீரில் கலக்கும் வழக்கம் இருக்கிறது. அது வீண் செலவு. தண்ணீரில் கலந்த சத்து சில மணி நேரத்திலேயே குறைய ஆரம்பித்துவிடும். ருசி மாறியதால் பிராணி தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். கோடையில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அருகம்புல்லுக்கு அரிவாள் பிடிக்கும் கைவலி. கொய்யாத் துண்டு வீட்டுக் குழந்தை தின்னும் பழத்திலிருந்து வந்துவிடும். கொத்தமல்லி சமையலில் மிஞ்சியது. காசு கொடுப்பது அந்த ஒரு கரண்டித் தீவனத்துக்கு மட்டும்தான். கினிப்பன்றி வளர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பொட்டலங்கள் உண்டாக்கியது.

இதுவரை கோழித் தீவனமோ கதம்பத் தீவனமோ போட்டுப் பழக்கியவர்கள் அதை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. குடலில் இருக்கும் கிருமிகள் புதிய ஆகாரத்துக்குப் பழக நாள் பிடிக்கும். பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லைத் தாராளமாகப் போட வேண்டும். கொய்யாத் துண்டை மட்டும் முதல் நாளே தொடங்கிவிடலாம். சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்து எடையைக் காலண்டரில் குறித்து வந்தால், இளைக்கிறதா தேறுகிறதா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

புல்லை முதன்முதலில் கூண்டில் போடும்போது அது ஆகாரம் என்றே கினிப்பன்றிக்குத் தோன்றாது. உள்ளே புகுந்து குடைந்து, மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்துக்கொள்ளும். விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் படுக்கையில் பாதியைக் காணோம்!